ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் பொங்கல், தீபாவளி, குழந்தைகளின் தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. எல்லோரும் வந்திருந்தீர்கள், படங்களும் குழுவில் இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடி எழுதவில்லை. இந்த ஆண்டு புதிதாக நடந்தது ஊர்ப்பயணங்கள்தான். "ஃபுகுவோகாவில் இத்தனை வருஷமாக இருக்கிறோம், சுற்றுவட்டாரத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையே" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். செயலாளரே ஏற்பாடு செய்யட்டும் என்று எல்லோரும் கைதட்டித் தீர்மானத்தை நிறைவேற்றினீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

எங்கே போவது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜப்பான் 1850-களில் பீரங்கி வார்க்கவும் கப்பல் கட்டவும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. 1910-க்குள் எஃகும் நிலக்கரியும் கப்பலுமாகத் தொழில் நாடாகிவிட்டது. அந்த அறுபது ஆண்டுகளின் மிச்சமாக நிற்கும் 23 இடங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் 16 நாம் இருக்கும் கியூஷு தீவில்தான் இருக்கின்றன.

முதல் பயணம் யாவாட்டா. 1901-இல் இயங்கத் தொடங்கிய அரசு எஃகு ஆலை. சீனாவோடு நடந்த போரில் கிடைத்த இழப்பீட்டுப் பணமும் அந்த ஆலைக்குப் போனது, உருக்கிய தாதுவும் சீனாவிலிருந்தே வந்தது. 1899-இல் கட்டிய தலைமை அலுவலகம் செங்கல் கட்டடம், மேலே ஜப்பானிய ஓடு. கோட் சூட் போட்டு வேட்டி கட்டிய மாதிரி என்று ஒரு மாமா சொன்னார். ஆனால் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் வளாகத்துக்குள் இருப்பதால் வேலிக்கு இந்தப் பக்கம் மேடையில் நின்றுதான் பார்க்க முடிந்தது. "இதற்கா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர்கள்?" என்ற கேள்வி அன்றே எழுந்தது.

இரண்டாவது, சாகாவில் உள்ள மியேட்சு. அங்கே அதுவும் இல்லை. 1865-இல் ஜப்பானின் முதல் உருப்படியான நீராவிக் கப்பலைக் கட்டிய துறை அது. மரத்தால் கட்டிய உலர்துறையைத் தோண்டிப் பார்த்துவிட்டு, மரம் கெட்டுப்போகக் கூடாது என்று மறுபடி மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். மேலே புல்வெளி. பக்கத்து அருங்காட்சியகத்தில் முழு அளவு மாதிரி வைத்திருப்பதால் பிழைத்தேன். அங்கே கேட்ட ஒரு விஷயம் நினைவில் நின்றது: அரியாகே கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஐந்தாறு மீட்டர் வித்தியாசம் உண்டு. நீர் ஏறும்போது கப்பலை உள்ளே இழுத்து, வற்றும்போது தரையில் உட்காரவைத்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஹாஷிமா, நாகசாகி பக்கத்தில் உள்ள நிலக்கரிச் சுரங்கத் தீவு, போர்க்கப்பல் தீவு என்று எல்லோரும் சொல்வது. முதல் முறை அலை அதிகம் என்று படகு கிளம்பவில்லை. வேன் வாடகை போனது போனதுதான். பொருளாளர் அறிக்கையில் 'இதர செலவு' என்று இருப்பது அதுதான். இரண்டாம் முறை இறங்கினோம். 480 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். அந்தக் கல்லின்மேல் ஒரு காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள், ஏப்ரலில் தீவு காலி. எல்லோரும் படம் எடுத்தது இடிந்த அடுக்குமாடிகளை. ஆனால் உலகப் பாரம்பரியம் என்று குறிக்கப்பட்டது 1910-க்கு முந்தைய கடல் சுவரும் சுரங்க மிச்சமும்தான். மாடிகளில் மிகப் பழையதே 1916-ஐச் சேர்ந்தது.

படகில் வந்த வழிகாட்டி நன்றாகப் பேசினார். பள்ளிக்கூடம், கடை, மாடித்தோட்டம் எல்லாம் வந்தது. 1940-களில் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவந்து வேலை வாங்கப்பட்டவர்கள் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பலர் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுக் கடுமையான நிலையில் உழைக்க நேர்ந்ததை, இந்த இடங்களைப் பட்டியலில் சேர்த்த 2015 யுனெஸ்கோ கூட்டத்தில் ஜப்பான் பிரதிநிதியே சொல்லியிருந்தார். அதை விளக்கிக் காட்டுவது போதவில்லை என்று 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு வருத்தம் தெரிவித்தது. நம் உறுப்பினர்களில் நாலைந்து பேர் திரும்பும் வழியெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

நான்காவது பயணம் ஒமுதா. தென்ஜின் நிலையத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரம். பதினோரு பேர்தான் வந்தார்கள். வராதவர்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மீகே நிலக்கரிச் சுரங்கத்தின் ஒரு பகுதியான மியானோஹாரா சுரங்கக்குழி வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணம். வீடுகளுக்கு நடுவே 22 மீட்டர் உயர இரும்புக் கோபுரம், அடியில் ஒரு செங்கல் கட்டடம். உள்ளே ஆட்களை இறக்கி ஏற்றிய பெரிய சுழல் இயந்திரம் துருவும் கிரீஸுமாக அப்படியே நிற்கிறது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய தொண்டர் எழுபதைத் தாண்டியவர். இயந்திரத்தைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னார். அப்புறம் எங்களை வெளியே அழைத்து வந்து, ஒரு திசையைக் கைகாட்டி, "அங்கேதான் சிறை இருந்தது" என்றார்.

1898-இல் இந்தக் குழி முடிந்தபோது உள்ளே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி கைதிகள். சிறையிலிருந்து நடத்திக் கூட்டிவந்து குழிக்குள் இறக்குவார்கள். கைதிகளை வைத்து வெட்டுவது மீகேயில் 1930 வரை தொடர்ந்தது, அடுத்த ஆண்டே குழியும் மூடப்பட்டது. ஊரில் இந்தக் குழிக்கு 'ஷுரா' குழி என்று பெயர். ஷுரா வேறு யாருமில்லை, நம் அசுரர்தான். பௌத்தத்தோடு சீனம் வழியாக வருகையில் முன்னால் இருந்த அகரத்தைத் தொலைத்துவிட்டார். ஓயாத சண்டையும் வேதனையுமான அசுர லோகம் என்று பொருள். தொண்டர் சொன்னதை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த உறுப்பினர் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றுவிட்டார். சிறை இருந்த இடத்தில் இன்று ஒரு தொழிற்கல்விப் பள்ளி. பழைய சிறைச் சுவர்தான் பள்ளிக்கும் மதில். நாங்கள் போனபோது அந்த மதிலையொட்டிப் பையன்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மதியம் புளிசாதமும் தயிர்சாதமும் முடிந்து மீகே துறைமுகம் போனோம். 1908-இல் திறந்தது. மியேட்சுவுக்கு உதவிய அதே அரியாகே வற்றம் இங்கே எதிரி, பெரிய கப்பல் கரைக்கே வர முடியாது. அதனால் கடலுக்குள் நீண்ட தடுப்புகளைக் கட்டி, உள்ளே மதகுக் கதவு வைத்து, நீர் இறங்காமல் பிடித்துவைத்தார்கள். இதை நடத்தியவர் டான் தகுமா என்பவர், ஃபுகுவோகாக்காரர், அமெரிக்காவில் சுரங்கவியல் படித்தவர். நிலக்கரி தீர்ந்தாலும் துறைமுகம் ஊருக்குச் சோறு போடும் என்று அவர் கணக்குப் போட்டதாகச் சொல்கிறார்கள். சுரங்கம் 1997-இல் மூடியது. துறைமுகத்தில் கப்பல் இன்னும் வருகிறது.

1963 நவம்பரில் மீகே சுரங்க வெடிவிபத்தில் 458 பேர் இறந்ததையும் தொண்டர் சொன்னார். பாரம்பரியப் பட்டியலின் காலக்கணக்கில் அது சேராது. "அதனால் என்ன?" என்றார்.

யாவாட்டாவில் கேட்ட கேள்விக்கு ஒமுதாவுக்கு வந்த பதினோரு பேரும் திருப்தியான பதிலைக் கொண்டுபோனார்கள் என்றே நினைக்கிறேன். வரும் ஆண்டுக்காக இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, ககோஷிமாவின் பழைய தொழிற்சாலை வளாகமான ஷூசெய்கானுக்கும், கப்பல்களைக் கரையேற்றிப் பழுதுபார்த்த நாகசாகி கொசுகே துறைக்கும் பயணம். இரண்டு, போகும் இடங்களைப் பற்றித் தமிழில் நான்கு பக்கக் கையேடு. அதில் யார் கட்டினார், எந்த நாட்டு இயந்திரம் என்பதோடு யார் வெட்டினார்கள் என்பதும் இருக்க வேண்டும், ஹாஷிமா உட்பட. எழுத ஆள் தேவை. மறுபடி செயலாளரே என்று கைதட்டிவிடாதீர்கள்.

வேன் ஓட்டிய மூவருக்கும், சாதம் கட்டிவந்த அக்காமார்களுக்கும், மொழிபெயர்த்தவருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் அவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்