குற்றவாளியின் மன்றாட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் தவக்காலப் பக்கத்தில் ‘மிசெரேரே’ (‘இரங்கும்’) என்னும் இலத்தீன் மன்றாட்டைப் பற்றி வெளிவந்த கட்டுரை, 1770-இல் பதினான்கு வயது இசைமேதை மொசார்ட் உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அதற்கு அல்லெக்ரி என்னும் பழைய இசையமைப்பாளர் தந்த இசையமைப்பைக் கேட்டு, நினைவிலிருந்தே எழுதிய செய்தியோடு நின்றுவிட்டது. ஒரு சிறுவனின் நினைவாற்றலை வியக்கும்போது, அவன் கேட்ட பாடல் யாருடைய அழுகை என்பது மறைந்துவிடுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

நம் விவிலியத்தில் 51-ஆம் திருப்பாடலாகவும் இலத்தீன் விவிலியத்தில் 50-ஆவதாகவும் உள்ள இதை, உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனைப் போர்முனையில் சாகச் செய்த தாவீது அரசர், இறைவாக்கினர் நாத்தான் தம் குற்றத்தை நேருக்கு நேர் எடுத்துரைத்தபின் பாடினார் என்பது மரபு. உம் திருமுன்னிருந்து என்னைத் தள்ளிவிடாதேயும் என்று அவர் கெஞ்சும் இடத்தில், என்னைக் கைவிட்டுவிடாதே என்று கதறும் மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்தை ஓதி வளர்ந்த நம் சைவ அன்பர்களும் உருகாமல் இருக்க முடியாது.

1498-இல் புளோரன்சு நகரில், சித்திரவதைக்குப்பின் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்த சவொனரோலா என்னும் துறவி, இப்பாடலைப் பற்றித்தான் தம் தியானத்தை எழுதினார். அவர் பிறந்த பெராரா நகரின் கோமகன் எர்கோலே அவர்மீது பற்றுடையவர். சில ஆண்டுகளுக்குள் அதே கோமகனின் அவையில் பணியாற்றிய ஜோஸ்கின் என்னும் இசையமைப்பாளர், ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ‘என்மேல் இரங்கும்’ என்ற முதல் அழைப்பே படிப்படியாக இறங்கியும் ஏறியும் திரும்ப வரும்படி இதற்கு இசையமைத்தார். அல்லெக்ரியைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் மூத்த இந்த இசையமைப்பைக் கட்டுரை குறிப்பிடாதது பெருங்குறை. இங்கிலாந்திலோ, வாசிக்கத் தெரிந்தவருக்குத் தூக்கிலிருந்து விலக்கு அளித்த பழைய சட்டத்தின்கீழ், இப்பாடலின் முதல் வரியே வழக்கமான சோதனை வாசகமாக இருந்ததால், எழுத்தறியாதவர்களும் உயிர் பிழைக்க அதை மனப்பாடம் செய்தார்கள். அந்தச் சலுகை 1827-இல்தான் ஒழிந்தது.

அல்லெக்ரியின் இசையமைப்பின் ஒலிப்பதிவுகளில் ஒலிக்கும் மிக உயர்ந்த சுரத்தைக் கேட்டு, இது நமக்கு எட்டாத பாடல் என்று நம் இளைஞர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தச் சுரம் அல்லெக்ரி எழுதியதன்று. பிற்காலப் பதிப்பில் நேர்ந்த குழப்பத்தால் நுழைந்தது. அவருடைய அமைப்பிலேயே பாதி வரிகள் எளிய பழைய மெட்டில்தான் பாடப்படுகின்றன, அவற்றை எந்தச் சபையும் பாடலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வெள்ளிக்கிழமைக் காலை மன்றாட்டில் இன்றும் இடம்பெறும் இத்திருப்பாடலை, மியான்மாரின் யாங்கோனிலும் பிற ஊர்களிலும் உள்ள நம் தமிழ்ப் பங்குச் சபைகள் தவக்கால வெள்ளிகளில் தமிழில் முழுமையாகவும், முதல் வரியை மட்டும் இலத்தீனிலும் பாட முன்வர வேண்டும். இலத்தீன் திருப்பலியில் பாடி வளர்ந்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே அந்த மெட்டை அவர்களிடமிருந்து நம் பாடகர் குழுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளப் பங்குத்தந்தையர் ஏற்பாடு செய்யுமாறு தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
யாங்கோன் வாசகர் ஒருவர்