தூத்துக்குடிக்காக ஒரு பழைய ஷெட்: கொங்கு நாட்டுப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கும் ஆலை உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். திருப்பூரில் பள்ளி ஓவிய ஆசிரியராகப் பணியாற்றும் நான், உங்கள் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நம் ஊரில் தைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடைக்கும் பனியன் துணிகளில் பெரும்பங்கு தூத்துக்குடியில்தான் கப்பலேறுகிறது. அப்படியிருந்தும், ஷிப்பிங் பில்லில் காணும் பெயர் என்பதற்கு மேல் அந்த நகரத்தை நம்மில் பலர் அறிந்ததில்லை. கலைஞர்கள் சில மாதங்கள் அங்கே தங்கி, பிறகு இங்கே வந்து தங்கி, அக்கடற்கரை நகரைப் பற்றி, பொருள்களை ஓரிடத்தில் அடுக்கியும் பரப்பியும் அமைக்கும் நிறுவல் படைப்புகளை உருவாக்குவதற்கான உறைவிடத் திட்டம் ஒன்றை நீங்கள் தொடங்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. 2012 டிசம்பர் 12 அன்று அங்கே தொடங்கிய கொச்சி-முசிறி பியனாலே என்னும் ஈராண்டுக் கலைக் கண்காட்சி, கடலோரத்துப் பழைய பண்டகசாலைகளையே கலைக்கூடங்களாக மாற்றிக்கொண்டது. அந்த முதல் ஆண்டிலேயே கலைஞர் விவான் சுந்தரம், கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வில் கழித்துவிடப்பட்ட பானையோடுகளைத் தரையில் பரப்பி, மறைந்துபோன துறைமுக நகரொன்றை எழுப்பிக் காட்டினார். ஆய்வுக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட ஓடுகளிலிருந்து ஒரு நகரம் எழ முடியுமானால், நம் வேஸ்ட் குடோன்களில் நிறம் பிரித்து மூட்டை கட்டப்படும் கட்டிங் வேஸ்ட் எனும் வெட்டுத் துணித் துண்டுகளிலிருந்து எழ முடியாதா? கழிவுத் துணியை மீண்டும் நூலாக்கும் ஓ.இ. மில்லுக்குப் போகும் மூட்டைகளில் சிலவற்றைக் கலைஞர்களுக்கென ஒதுக்குவது உங்களுக்குப் பெரிய காரியமன்று.

கலைஞர் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கட்டளையிடலாகாது. ஆயினும் என் மனத்தில் இருப்பது உப்பு. தூத்துக்குடி உப்பளங்களில் நிலத்தடி உவர்நீரை இறைத்து, பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். அந்த வெண்பரப்பில் பட்டு எழும் வெளிச்சம் தொழிலாளர்களின் கண்களைக் கெடுக்கிறது. பருத்தித் துணியில் சாயம் ஏறவும் உப்புத்தான் வேண்டும். நம் பட்டறைகளில் பயன்பட்ட உப்பு, கழிவுநீரோடு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி வயல்களையும் கிணறுகளையும் பாழாக்கியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். அங்கே பலரின் பிழைப்பாக விளையும் உப்பும் இங்கே ஆற்றைக் கெடுத்த உப்பும் ஒரே கூரையின்கீழ் கண்ணெதிரே நின்றால், கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் நாம் பேசத் தயங்கியவற்றை அந்தப் படைப்பு பேசும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தூத்துக்குடிக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் இடையே வேறொரு கடனும் இருக்கிறது. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார், 1908இல் தண்டனை பெற்று, கோயம்புத்தூர்ச் சிறையில்தான் செக்கிழுத்தார்.

நான் கேட்பது இவ்வளவே. ஓட்டமில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஒரு ஷெட்டை மின்சாரத்தோடு தாருங்கள். கலைஞருக்கு மாதாந்திர ஊதியமும் பொருள்களுக்கான செலவும் தனித்தனியே தாருங்கள்; ‘உங்களுக்கும் பெயர் கிடைக்குமே’ என்று சொல்லி உழைப்பை இலவசமாக வாங்கும் பழக்கம் இதில் வேண்டாம். படைப்பின்மீது கம்பெனிப் பெயரை ஒட்டாதீர்கள். நொய்யலைப் பற்றியோ கூலியைப் பற்றியோ அது சங்கடமான ஒன்றைச் சொன்னாலும், திறப்பு விழாவுக்கு முன் அதைத் திருத்தச் சொல்லாதீர்கள். இந்த ஒன்றில் நீங்கள் வழுவினால், நடப்பது வாடகைக்கு எடுத்த அலங்காரமாகிவிடும். டெய்லர்களும் செக்கிங் பெண்களும் குடும்பத்தோடு வந்து பார்க்க ஏதுவாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட் திறந்திருக்க வேண்டும். பிறகு அதே படைப்பு தூத்துக்குடிக்கும் போய், உப்பளத் தொழிலாளர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை, மாசியில் உப்பளப் பாத்திகளைச் சீர்செய்யும் வேலை தொடங்கிவிடும். முதல் கலைஞர் அதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், ஐப்பசிக்குள் உங்கள் முடிவு தெரிய வேண்டும். ஷெட்டைக் காட்ட முன்வருபவர் எவராயினும், என் மாணவர்களோடு வந்து கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்துத் தரக் காத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஓவிய ஆசிரியர்,
திருப்பூர்.