பால்கனிப் பூவும் கைவைத்தியமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நங்கநல்லூரில் வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பெங்களூரு வீட்டுப் பால்கனியில் செம்பருத்தியும் சங்குப்பூவும் நிறையப் பூத்து வீணாக உதிர்கின்றன என்று வருத்தப்பட்டாயே, என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதுகிறேன்.

செம்பருத்திக்கு முதல் உபயோகம் எண்ணெய்தான். ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் சிவப்புதான் நம் வீட்டில் எடுப்பது வழக்கம். அடிப்பச்சையையும் நடுத்தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழ்களை மட்டும் நிழலில் நன்றாக உலர்த்து. ஈரம் இருந்தால் எண்ணெய் காயும்போது தெறிக்கும், சீக்கிரமே சிக்கு வாடையும் வந்துவிடும். கால் லிட்டர் தேங்காய் எண்ணெய்க்குப் பத்துப் பன்னிரண்டு பூ போதும். சிறு தீயில் வை. இதழைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கிளம்பி, சடசடவென்று சத்தம் கேட்கும். சத்தம் அடங்கி, இதழ் கருத்து மொறுமொறுப்பானதும் இறக்கிவிடு, அதுதான் பதம். ஆறவிட்டு வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வை.

இதைத் தேய்த்தால் கொட்டிய முடி முளைக்கும் என்று விற்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. வறண்ட தலைக்கு இதம், முடி சிக்கில்லாமல் வாரும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு அப்புறம் முடி கொட்டுவது பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். நீ அதற்காகக் கவலைப்படாதே. இலையையும் வீணாக்க வேண்டாம். தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கினால் கொழகொழவென்று வரும், துணியில் வடிகட்டி ஷாம்புவுக்குப் பதில் தேய்த்துக் குளி.

செம்பருத்தி டீ மட்டும் இப்போது உனக்கு வேண்டாம், பால் கொடுக்கிறாய். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கக் கூடியது, அதனால் மாப்பிள்ளையும் பிரஷர் மாத்திரையோடு டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சங்குப்பூவையும் நீ டாக்டரைக் கேட்டுவிட்டே குடி. ஐந்தாறு பூவை வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் நீலம் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். பார்க்க அழகு. மருந்து என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது வேப்பம்பூதான். பங்குனி, சித்திரையில் பக்கத்து வீட்டு வேம்பு நம் மொட்டை மாடியில்தான் உதிர்க்கும். ராத்திரியே அம்மா பழைய வேட்டியை விரித்து வைத்துவிடுவாள். விடிந்து பார்த்தால் நட்சத்திரம் நட்சத்திரமாய்ப் பூ கிடக்கும், மாடி முழுக்கத் தேன் வாசனை. காம்பும் எறும்பும் போகப் புடைத்து, மொறுமொறுவென்று காயவைத்து டப்பாவில் போட்டால் அடுத்த வருஷம் வரை வரும். புளி ரசம் கொதித்து இறக்கியதும், ஒரு ஸ்பூன் பூவை நெய்யில் கரும்பழுப்பாக வறுத்து மேலே போடு. தீய்ந்தால் கசப்பு தாங்காது, பக்கத்திலேயே நில். காய்ச்சல் விட்டு வாய் கசந்து, சோறு இறங்காத நாளில் அந்த ரசத்துக்கு ஈடு கிடையாது.

ரசத்தோடு சரி. வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதே. வலிப்பு வரை போய்விடும். ஒரு வயது ஆகும்வரை தேனும் நாக்கில் படக் கூடாது, துளியும் கூடாது.

குல்கந்து செய்ய ஆசைப்பட்டால் தொட்டியில் நீயே வளர்த்த பன்னீர் ரோஜாவை எடு. மாலைக்கும் பூஜைக்கும் விற்கிற ரோஜா மருந்து தெளித்தது, கோயம்பேட்டிலிருந்து நான் வாங்கி அனுப்பினாலும் தின்னக் கூடாது. நந்தியாவட்டையைக் கண்ணில் பிழியும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதுவும் வேண்டாம், கண் சிவந்தால் கண் டாக்டர்தான்.

கடைசியாக அரளி. உங்கள் அபார்ட்மென்ட் வாசலில் வரிசையாக நிற்கிறதே, இளஞ்சிவப்புப் பூ, அதேதான். பூ, இலை, விதை எல்லாமே விஷம், இதயத்தை நிறுத்திவிடும். மஞ்சள் அரளியும் அப்படியே. குட்டி தவழ ஆரம்பித்துவிட்டாள், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். கீழே இறக்கி விடும் முன் உதிர்ந்து கிடக்கிறதா என்று பார். வாயில் போட்டுவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலே கைவைத்தியம் எதுவும் பார்க்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடு. வேலைக்கு வரும் அம்மாவிடமும் இன்றே சொல்லி வை.

அன்புடன்,
அப்பா