பிரபுவை மறுபடியும் திரைச்சீலையால் கொல்லாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் நகைச்சுவை மாயப்புனைவு வரிசையின் மூன்றாம் பாகம் எப்படி முடிந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த முடிவைக் குறித்து எழுதிய வாசகர்களுக்கெல்லாம் நீங்கள் அனுப்பிய ஒரே பதிலையும் நினைவூட்ட வேண்டியதில்லை. "இது நகைச்சுவை நாவல்தானே, இதில் போய் இவ்வளவு நியாயம் பார்க்கலாமா?" என்று அதில் கேட்டிருந்தீர்கள். நான்காம் பாகத்தில் வில்லனான இரத்தக்காட்டேரிப் பிரபு சாம்பலிலிருந்து மீண்டெழுகிறார் என்று இப்போது அறிவித்திருக்கிறீர்கள். கைப்பிரதி இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்ற நம்பிக்கையில், ஒரே ஒரு கோரிக்கையைப் பொதுவில் வைக்கிறேன். சூழ்ச்சிக்காரர் என்று நீங்களே அறிமுகப்படுத்திய இரத்தக்காட்டேரியை, இந்த முறையாவது அவருடைய சூழ்ச்சியைக் கொண்டே தோற்கடியுங்கள்.

மூன்றாம் பாகத்தில் அவர் தீட்டிய திட்டம் எத்தனை அழகானது! அழைப்பில்லாமல் எந்த வீட்டின் வாசற்படியையும் தாண்ட முடியாது என்பது இரத்தக்காட்டேரிகளுக்கு நெடுங்காலமாக விதிக்கப்பட்டிருக்கும் தடை. வேறு கதைகளாக இருந்தால் அவர்கள் சன்னலுக்கு வெளியே மிதந்தபடி கெஞ்சுவார்கள், அல்லது கண்ணைப் பார்த்து மயக்குவார்கள். நம் பிரபுவோ ஒரு பத்திர எழுத்தரை வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊரிலுள்ள வீடுகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, அவற்றில் குடியிருந்தவர்களுக்கே வாடகைக்கு விட்டு, ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் பிரிவில், "வீட்டு உரிமையாளரையும் அவர் அனுப்பும் எவரையும் எந்நேரமும் உள்ளே வருமாறு குடியிருப்பவர் இதன்மூலம் அழைக்கிறார்" என்ற வரியைப் பொடி எழுத்தில் சேர்த்துவிட்டார். ஊரே படிக்காமல் கையெழுத்துப் போட்டது. அந்த அத்தியாயத்தை முடித்ததும், இதுவரை படித்த காட்டேரிகளிலேயே கெட்டிக்காரர் இவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சியிருந்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒரே ஒரு கிழவி. "முழுசா வாசிச்சுக் காட்டினாத்தான் கைநாட்டு வைப்பேன்" என்று அவர் பிடிவாதமாக நிற்க, எழுத்தர் தோற்றுத் திரும்பிவர, பிரபுவே இரவில் விளக்கோடு போய் வாசற்படிக்கு வெளியே நின்று ஒப்பந்தத்தை வாசிக்கிறார். நான்காம் பிரிவுக்கு வரும்போது, ஓடு உடைந்து ஒழுகினால் யார் மாற்றிக் கொடுப்பது என்று கிழவி கேட்கிறார். ஏழாம் பிரிவில் தூங்கிப்போகிறார். விழித்ததும், "விட்ட இடம் ஞாபகமில்ல, முதல்லேருந்து வாசிங்க தம்பி" என்கிறார். நானூறு வயதான, மூன்று அரச வம்சங்களை அழித்த ஒருவர், உடைந்த ஓட்டை மழைக்கு முன் மாற்றித் தருவதாகப் பல்லைக் கடித்துக்கொண்டு உறுதிமொழி கொடுக்கும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பக்கங்களில் பிரபு ஒரு நகைச்சுவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தம் வேலையை மிகுந்த அக்கறையோடு செய்கிறார், கிழவியும் தம் வேலையை அதே அக்கறையோடு செய்கிறார், சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான்: நகைச்சுவை நாவல் என்பதால்தான் நியாயம் பார்க்கிறோம். திட்டத்தில் வலுவில்லையென்றால், கிழவி அதைக் குலைப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அதே ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில், "வாசித்து முடியும்வரை இரு தரப்பினரும் இடத்தைவிட்டு அகலலாகாது" என்ற வரி இருக்கிறது. படிக்கச் சலித்து யாரும் எழுந்து போய்விடக் கூடாது என்பதற்காகப் பிரபு தாமே எழுதிய வரி அது. பேயுலகத்து முத்திரை வைத்த பத்திரம் எழுதியவரையும் கட்டுப்படுத்தும் என்று இரண்டாம் பாகத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. மேலும், முதல் பாகத்தில் நடுப்பகலில் சந்தைக்கே கருங்குடையைப் பிடித்தபடி வந்துபோன பிரபு, அன்றிரவு இரண்டு நிமிட வேலைதானே என்று குடையை எடுத்துவராமல் வந்ததாக உங்கள் புத்தகமே சொல்கிறது. வாசிப்பு முடியவில்லை, இடம்விட்டு அகலவும் முடியாது, கையில் குடையும் இல்லை, கிழக்கு வெளுக்கப்போகிறது. இதற்கு மேலும் ஒரு கதாசிரியருக்கு என்ன வேண்டும்?

ஆனால் நாங்கள் அடுத்த அத்தியாயத்தைத் திருப்பியபோது, பிரபு எந்தக் காரணமும் சொல்லப்படாமல் மாளிகைக்குத் திரும்பியிருந்தார். அதுவரை கதையில் தலைகாட்டாத ஒரு பணிப்பெண் தூசு தட்டுவதற்காகத் திரைச்சீலையை விலக்க, அவர் அரைப் பக்கத்தில் சாம்பலானார். ஐந்தாம் பிரிவும், கொண்டுவராத குடையும், கிழவியும் பிறகு எங்கும் பேசப்படவே இல்லை. முந்நூறு பக்கங்களாகப் பிரபுவின் ஒவ்வோர் அடியையும் நினைவில் வைத்துப் படித்த வாசகரை, இதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது உங்கள் தவறு என்று சொல்லி அனுப்பும் செயல் இது.

சூரிய ஒளியை நான் வெறுக்கவில்லை. பகலவன் பட்டதும் இரத்தக்காட்டேரி அழியும் என்ற வழக்கம் பெரிதும் 1922-இல் வெளிவந்த நாஸ்ஃபெராட்டு என்ற ஊமைப்படத்திலிருந்து பரவியது. அதிலும் விடியல் தற்செயலாக வந்து கொல்வதில்லை. சேவல் கூவும்வரை காட்டேரியைத் தன்னிடமே இருத்திவைக்க நாயகி தன் உயிரைக் கொடுக்கிறாள். 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவோ இலண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறார். அவருடைய சூழ்ச்சியைப் பாருங்கள். கோட்டையில் சிறைப்பட்ட இளம் வழக்கறிஞனை மூன்று கடிதங்கள் எழுதவைத்து, ஜூன் 12, 19, 29 என்று முன்கூட்டியே தேதியிடச் செய்கிறார். வேலை முடியப்போகிறது, நாளை புறப்படுகிறேன், புறப்பட்டு வந்துவிட்டேன் என்று அவன் கையாலேயே அவனுடைய மறைவுக்குச் சாட்சி தயாராகிறது. தாம் படுத்துறங்கத் தேவையான சொந்த மண்ணையே ஐம்பது பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றுகிறார். இறுதியில் அந்தப் பெட்டிகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றாக அவருக்குப் பயன்படாமல் செய்துதான் எதிரிகள் அவரை ஊரைவிட்டே ஓடவைக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1819-இல் வெளிவந்த போலிடோரியின் கதையில், இரத்தக்காட்டேரியான ருத்வென் பிரபு தன் குற்றங்களைப் பற்றி ஓராண்டும் ஒரு நாளும் வாய்திறப்பதில்லை என்று நண்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்தக் கெடு முடிவதற்குள் அவனுடைய தங்கையையே மணந்து, பிறகு அவளைக் கொன்றும்விடுகிறான். திகில் எழுதியவர்கள் இவ்வளவு கணக்காக எழுதியிருக்க, சிரிக்கவைப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேண்டாம் என்று யார் சலுகை கொடுத்தது?

சொல்லத் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் இந்த வகை நாவல்களில் காட்டேரி வில்லன் அறிமுகமாகும் காட்சியிலேயே தம் அங்கி காலில் சிக்கி விழுந்தாக வேண்டும் என்று எங்கோ சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது போலும். பூண்டைக் கண்டால் தும்முவது, கண்ணாடியில் உருவம் தெரியாததால் மீசையைக் கோணலாக மழிப்பது, சிந்திய கடுகை எண்ணாமல் நகர முடியாமல் தவிப்பது என்று நான்கு வேடிக்கைகளைச் சுற்றிச்சுற்றி வைத்துவிட்டு, பின்னட்டையில் "வயிறு குலுங்கச் சிரிக்கலாம்" என்று அச்சிட்டுவிடுகிறீர்கள். எந்தப் பக்கத்தில் என்றும் போட்டிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். கடுகை எண்ணும் பழைய நம்பிக்கையைக்கூட, ஒரு பத்திரத்தின் சொற்களை எண்ணியாக வேண்டிய கட்டாயமாக மாற்றினால் அது கதையாகும். வெறுமனே கடுகைக் கொட்டினால், அடுத்த பக்கத்தில் யாராவது பெருக்கத்தான் வேண்டியிருக்கும்.

கோபத்தில் சற்று எல்லை மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். இந்த வரிசையை உங்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு பிழையின்றி, இவ்வளவு நேர்த்தியாக வெளியிட்டிருக்க மாட்டார்கள் என்பதை மனதாரச் சொல்கிறேன். உரிமையோடு கேட்பதும் அதனால்தான். நான்காம் பாகத்தின் கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன், கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். பிரபுவின் வீழ்ச்சிக்குக் காரணமான பொருளோ, வரியோ, ஆளோ கதையில் முன்பே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அன்புகூர்ந்து அதை எழுத்தாளருக்கே திருப்பி அனுப்புங்கள். தாமதமானால் நாங்கள் காத்திருக்கிறோம்.

அவருக்கு உதவக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. மூன்றாம் பாகம் முடிந்தபோது பதின்மூன்றாம் பிரிவை யாரும் ரத்து செய்யவில்லை, ஊரார் போட்ட கையெழுத்துகள் அப்படியே இருக்கின்றன. கிழவி மட்டும் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை. ஓடும் இன்னும் மாற்றித் தரப்படவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
இவ்வரிசையின் நெடுநாள் வாசகர்