மலையில் உன் பேரையும் கொடுத்துவிட்டோம்

அன்பு மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடைசி நேரத்தில் நீ கழன்றுகொண்டதற்கு அதுதான் காரணம் என்று வாத்தியார் கடைசிவரை நம்பவில்லை.

கீழ்ப்பழனி மலையில் இருக்கிற தாண்டிக்குடிக்குப் பங்குனியில் போனது நல்லதாய்ப் போயிற்று. பூ மழை விழுந்து எட்டு, பத்து நாளில் காப்பிச் செடியெல்லாம் ஒன்றாகப் பூத்துவிடுமாம். வத்தலக்குண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் சரிவு முழுக்க வெள்ளை. மூக்கைத் துளைக்கிற மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாளில் கருகிவிடும், அதற்குள் பார்த்துவிட்டோம். நீ டிவி பார்த்தாய். அப்புறம் கற்திட்டைகள் வரை நடை, அதுதான், பழங்காலத்து ஈமக் கற்கள். ஜமீன்தார் வழக்கம்போல முறுக்குப் பையைத் தானே தூக்கிக்கொண்டார், அதன் கதியும் வழக்கம்போலத்தான்.

நான் எழுத உட்கார்ந்தது வாழைக்காக. காப்பிக்கு நடுவே விருப்பாச்சி என்கிற மலைவாழை வைத்திருக்கிற பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டே நடந்தோம். ஒரு மரத்தருகே நின்று காட்டினார். குருத்திலைகள் விரியாமல், குறுகி, சிண்டு முடிந்ததுபோல உச்சியில் குத்திட்டு நிற்கின்றன. மட்டையை வளைத்துக் காட்டினார்: விட்டுவிட்டு ஓடும் கரும்பச்சைக் கோடுகள். முடிக்கொத்து நோய். அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ், மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். இன்னும் பூக்காத மரம், மாப்ளே. அவர் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தார். யாரும் பேசவில்லை, ஜமீன்தார் உட்பட.

1970களில் கீழ்ப்பழனி மலையில் 18,000 ஹெக்டேர் இருந்த வாழை, இந்த நோயால் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. 2008இல் விருப்பாச்சிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும். குறியீட்டை வைத்து நோயை விரட்ட முடியுமா? பஞ்சாமிர்தம் தண்ணீர் விடாமல் செய்வது. நாள்பட இருக்க வேண்டுமானால் ஈரம் குறைந்த இந்த மலைப்பழம்தான் தோது. ஹாஸ்டலில் டப்பாவைத் தலையணைக்குள் ஒளித்துவைத்துத் தின்றவனுக்கு இந்தக் கவலை என்னைவிட அதிகம் இருக்க வேண்டும்.

பெரியவர் விடுவதாக இல்லை. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வாங்கி, மழை பிடித்ததும் நடப்போகிறார். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்றார். வாத்தியார் யாரையும் கேட்காமல் நாங்கள் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். உன் பேரையும் சேர்த்துத்தான். குழி வெட்ட வேண்டாம், கன்றை எடுத்துக் கொடுத்தால் போதும். அதற்குள் முழங்காலைச் சரிபண்ணு. முறுக்குப் பை இந்த முறை உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பங்காளி