மரகதத்தின் வயிறும் உன் படபடப்பும்

சாட்ஸ்வொர்த்,
டர்பன்.

அன்புள்ள தம்பு,

உன் கடிதம் வந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். சின்னவள் கேப்டவுனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது, ஆனாலும் ராத்திரியானால் நெஞ்சு படபடக்கிறது; ஹிப்னோதெரபிக்கு, அதாவது ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்கிற சிகிச்சைக்குப் போகலாமா, இல்லை அது மேடையில் ஆளைக் கோழி மாதிரி கூவவைக்கிற வித்தைதானா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. யாரிடம் போகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மரகதத்தின் வயிறு உனக்குத் தெரிந்ததுதான். கல்யாண வீட்டில் நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் பார்ப்பாள். குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை, ஐ.பி.எஸ். என்றார்கள்; குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிறு வலித்து, கழிப்பறைக்கு விரட்டுகிற கோளாறு அது. பயந்தால் வயிறு இழுக்கும், வயிறு இழுத்தால் பயம் கூடும். மாத்திரைக்கு அடங்காமல் போகவே, டாக்டரே ஹிப்னோதெரபி செய்கிற ஒரு மனநல நிபுணரிடம் அனுப்பினார்.

காவடியில் அருள் வந்தவர்களைப் போல நாமும் நம்மை மறந்துவிடுவோமோ என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம். அப்படியெல்லாம் எதுவும் நடக்கவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னாராம். வயிற்றில் கையை வைத்து, அந்தச் சூடு உள்ளே பரவுகிறது, குடல் நிதானமாக ஓடுகிற ஆறு என்று நினைக்கச் சொன்னாராம். வெளியே நாய் குரைத்ததும் கேட்டது, பருப்பு ஊறப்போடாததும் ஞாபகம் வந்தது என்று வந்து சொன்னாள். தினமும் கேட்க ஒரு ஒலிப்பதிவும் கொடுத்தார்கள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது விருந்துக்குப் போனால் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

இது நேற்று முளைத்ததில்லை. 1984இல் மான்செஸ்டரில் வோர்வெல் என்ற டாக்டர், எதற்கும் மசியாத ஐ.பி.எஸ். உள்ள 30 பேரிடம் சோதித்துப் பார்த்தார். ஹிப்னோதெரபி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட நல்ல பலன். ஹிப்னாடிசம் என்ற பெயரை 1840களில் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டும் அதே ஊரில் அறுவை மருத்துவராக இருந்தவர்தான்!

படபடப்புக்கு இது தனி மருந்தாகும் என்று நான் நம்பவில்லை. பேச்சு சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் கைகொடுக்கும். சாப்பிடுகிற மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

போகுமுன் அவர் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பார். கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, பயம் போகும், கடன் தீரும், ஓடிப்போன காதலி திரும்பி வருவாள் என்று, அந்தக் கூட்டத்தின் பக்கமே தலை வைக்காதே. மறந்துபோன பழைய நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அந்த நிலையில் நடக்காததும் நடந்ததாகத் தோன்றிவிடும்.

அப்புறம், மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், பணம் கிடைக்குமா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேள். எங்களுக்குப் பாதிதான் வந்தது. மரகதம் அவர்களைத் திட்டியதை எழுத இந்தத் தாள் போதாது.

அன்புடன்,
ராஜு