ஆண்டறிக்கை: தோட்டா கெட்டிக்கப் பழகிய முதல் வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஒரு மாதம் தவிர மற்ற எல்லா மாதமும் கூடியது. அந்த ஒரு மாதம் கூடாததற்குக் காரணம், அழைப்பு அனுப்ப நான் மறந்ததுதான். சுடுதளத்தின் பின்சுவரில் சரிந்திருந்த பகுதியில் மண் கொட்டி உயர்த்தியாயிற்று. காது மூடிகள் புதிதாக வாங்கியிருக்கிறோம். பழையவற்றைத் தயவுசெய்து யாரும் உபயோகிக்க வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி, இந்த வருடத்தின் பெரிய வேலைக்கு வருகிறேன். வீட்டில் தோட்டா கெட்டிக்க, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி மருந்து நிரப்பித் தோட்டா செய்ய, ஆசைப்படும் புதியவர்களுக்குச் சங்கமே முறையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். இருவர் எதிர்த்தார்கள். “பிள்ளை குட்டி இருக்கிற வீட்டில் வெடிமருந்து வைப்பதா?” என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. அதனால் பயிற்சியின் விதிகளை எழுதும் பொறுப்பை அவர்கள் இருவரிடமே கொடுத்தோம். எதிர்த்தவர்கள் எழுதிய விதிகள் என்பதால் அவற்றில் ஓட்டை கிடையாது. அடுத்து எந்தத் தீர்மானம் வந்தாலும் இதே வழியைப் பின்பற்றலாம் என்பது என் சொந்த யோசனை.

முதல் விதி, காகிதம். தோட்டா கெட்டிப்பது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் கருவிகளை யாரும் வாங்கலாம், ஆனால் மருந்துக்கும், அதைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு மூடிக்கும் அனுமதி வேண்டும். சில இடங்களில் வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அளவு உண்டு. சில இடங்களில் தனிநபர் இதைச் செய்யவே கூடாது. “எல்லோரும் செய்கிறார்களே” என்பது அனுமதி ஆகாது. தன் உரிமம் எதை அனுமதிக்கிறது என்று எழுத்தில் கொண்டுவராத யாரையும் மேசையில் உட்காரவைக்கவில்லை. இதனால் சிலர் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள்: பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு. சுட்ட பிறகு மூன்று தீர்ந்துவிடும், மறுபடி பயன்படுவது கூடு மட்டும். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும்போது விரிந்து துப்பாக்கியின் அறையோடு ஒட்டிக்கொண்டு வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்கி வெளியே வந்துவிடுகிறது. அந்தச் சுருங்கும் குணம் இல்லையென்றால் நம் பொழுதுபோக்கே இல்லை. அதைப் பழைய அளவுக்கு அழுத்தி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டைப் பொருத்தினால் தோட்டா தயார். சொல்ல இவ்வளவுதான்.

முதல் வகுப்பில் மருந்தைக் கண்ணில் காட்டவே இல்லை. மூன்று மணி நேரமும் காலிக் கூடு பார்ப்பதுதான் வேலை. ஒரு தம்பி சுடுதளத்தில் பொறுக்கிய கூடுகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். மேசையில் கொட்டி எல்லோரும் உட்கார்ந்தோம். கழுத்தில் மயிரிழை விரிசல் இருப்பவை ஒரு பக்கம். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறவை இன்னொரு பக்கம். அந்த வளையம், உள்ளே பித்தளை மெலிந்து, அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ தலை தனியாக அறுந்துவிடும் என்பதற்கான அடையாளம். பேப்பர் கிளிப்பை நீட்டி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி லேசாகத் தட்டும். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். புதியவர்கள் ஆளுக்கொரு கிளிப்பை வைத்துக்கொண்டு குடைந்த காட்சியைப் பார்த்தால் நம் சங்கத்தைக் காதுவலி ஆஸ்பத்திரி என்று நினைத்திருப்பார்கள். சாக்கில் பாதிக்கு மேல் பழைய பித்தளைக்குப் போயிற்று. தம்பியின் முகம் வாடிவிட்டது.

அதே சாக்கில் சில கூடுகளுக்கு உள்ளே, பிரைமரின் நெருப்பு மருந்துக்குப் போகும் துளை ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தன. கவனிக்காமல் கருவியில் போட்டு, பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி ஒன்றை உடைத்துக்கொண்டோம். நடுவில் ஒரே துளை இருப்பது பாக்ஸர் வகை. அதில் ஊசி நேராக இறங்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடும். இரண்டு துளை இருப்பது பெர்டன் வகை. ஊசி இறங்க வழியில்லை. இதில் ஒரு வேடிக்கை: பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கத் தோட்டாக்கள் பாக்ஸர் முறைக்குப் போக, பெர்டன் முறை பெரும்பாலும் ஐரோப்பாவில் நிலைத்தது. ஊசி உடைந்தவருக்கு இந்தக் கதை ஆறுதலாக இல்லை.

இங்கே என் குற்றத்தையும் பதிவு செய்ய வேண்டும். கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சுக்கு டை என்று பெயர். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு டங்ஸ்டன் கார்பைடு டை பயன்படுத்தினால் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. வருடக்கணக்கில் அப்படியே பழகிவிட்ட நான், ரைஃபிள் கூட்டை எண்ணெய் தடவாமல் எஃகு டைக்குள் ஏற்றிவிட்டேன். ஏறியது, இறங்கவில்லை. நெம்புகோலை பலமாக இழுத்தேன். கூட்டின் விளிம்பு கிழிந்து கையோடு வந்தது, கூடு உள்ளேயே நின்றுவிட்டது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “செயலாளர் ஐயா, இதுவும் பாடமா?” என்று கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியும். அதற்காக எண்ணெயை அள்ளித் தடவவும் கூடாது. அதிகமானால் கூட்டின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் இடத்தில், பள்ளம் விழும். விரல் நுனியில் ஒரு பிசுக்கு, அவ்வளவு போதும்.

கருவி எதை வாங்குவது என்ற விவாதம் இரண்டு கூட்டங்களைத் தின்றது. ஒரு இழுப்புக்கு ஒரு வேலை செய்யும் சாதா பிரஸ்ஸா, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவைத் தள்ளும் புரோகிரஸிவ் பிரஸ்ஸா? இளையவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். மறுத்துவிட்டோம். வேகமான கருவியில் ஒரே நேரத்தில் நான்கைந்து வேலை நடக்கும். எது தவறினாலும் கற்றுக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. அதனால் சங்க மேசையில் இருப்பது சாதா பிரஸ், பீம் தராசு ஒன்று, மின் தராசு ஒன்று, சரிபார்க்கும் எடைகள், நீளம் அளக்கும் கேலிப்பர், ஐம்பது குழி வைத்த தட்டு. அப்புறம், கெட்டித்த தோட்டாவைப் பிரிப்பதற்கு ஒரு சுத்தி. தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தித் தரையில் தட்டினால் குண்டு கழன்று வரும். அந்தச் சுத்தியைத்தான் இந்த வருடம் அதிகம் பயன்படுத்தினோம் என்பதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். இத்தனைக்கும் முன்னால் வாங்கியது மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அளவுப் புத்தகம். அளவு எதுவும் இந்த அறிக்கையில் இருக்காது. நண்பர் சொன்னார் என்று யாரும் அளவு போட வேண்டாம். புத்தகத்தில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, அழுத்தம் மிஞ்சிப் பிரைமர் தட்டையாகிறதா, துப்பாக்கியின் அறையை மூடும் போல்ட் இறுகுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

மருந்து நாள் வந்தது. மேசையில் ஒரே ஒரு டப்பா மட்டும் இருக்கலாம் என்பது விதி. இரண்டு மருந்துகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், எரியும் வேகமோ வேறு வேறு. கைப்பேசிகள் எல்லாம் வாசலில் ஒரு கூடையில். மின் தராசில் அலகு மாற்றும் பொத்தான் மீது ஒட்டுநாடா. மருந்தை அளக்கும் சிறு அலகான கிரெயினுக்குப் பதில் கிராம் என்று மாறிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்: ஒரு கிராம் என்பது 15.43 கிரெயின். நாம் அளப்பதோ கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும், அதாவது ஆறரை மில்லிகிராம்.

பழைய கருமருந்துக் காலத்தில் இவ்வளவு நடுக்கம் தேவைப்பட்டிருக்காது. கூடு நிறையப் போட வேண்டிய மருந்து அது. இரண்டு தரம் போட்டால் வழிந்து கீழே கொட்டிவிடும். 1884-இல் பிரான்சில் போல் வியே புகையில்லா மருந்தைச் செய்தார். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ஜான் பார்லோ ஐடியல் என்ற பெயரில் தோட்டா கெட்டிக்கும் கைக்கருவிகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கினார். புது மருந்துக்குக் கொஞ்சம் போதும். கைத்துப்பாக்கிக் கூட்டில் அது அடியில் கிடக்கும், மேலே வெற்றிடம். இரண்டாம் முறை போட்டாலும் உள்ளே அடங்கிவிடும், குண்டும் சொன்னபடி உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான தோட்டா. சுட்டால் துப்பாக்கி கிழியலாம்.

அதற்குத்தான் ஐம்பது குழித் தட்டும் ஒரு டார்ச்சும். எல்லாக் கூட்டிலும் மருந்து போட்டு முடித்த பிறகு, குண்டு வைக்கும் முன், தட்டின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு மூன்றாவது வரிசையில் ஒரு கிணறு மட்டும் மேலேறி நின்றது. அளந்துகொண்டிருந்த சகோதரியிடம் யாரோ மணி கேட்டிருக்கிறார்கள். அவர் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பியதாக நினைத்து அதே கூட்டில் இன்னொரு தரம் போட்டுவிட்டார். கண்டுபிடித்ததும் அவரேதான். அந்தக் கூட்டை மட்டும் காலி செய்தால் போதாதா என்று நாங்கள் சொல்லியும் கேட்காமல், ஐம்பதையும் கொட்டி முதலிலிருந்து அளந்தார். பயிற்சியில் தேறியவர்கள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலுவலக அறையில் மாட்டிவிட்டோம்.

புதியவர்களால் விபத்து எதுவும் இல்லை. நடந்த ஒன்று, அனுபவசாலியால். சுடுதளத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் கைத்துப்பாக்கி ‘டப்’ என்று ஒலிக்காமல் ‘பொத்’ என்றது. அவர் அடுத்த தோட்டாவை ஏற்றப் போனார். பக்கத்துத் தடத்திலிருந்த அதே தம்பி, சாக்குத் தம்பி, “நிறுத்துங்க அண்ணே!” என்று கத்திவிட்டார். குழலைத் திறந்து பார்த்தால் குண்டு பாதி வழியில் நின்றிருந்தது. அந்தத் தோட்டாவில் மருந்தே இல்லை. பிரைமரின் உந்தல் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று போயிருந்தால் குழல் புடைத்திருக்கும், கையும் தப்பியிருக்குமா தெரியாது. அண்ணன் வீட்டில் வைத்திருப்பது புரோகிரஸிவ் பிரஸ். இப்போது அவரும் டார்ச் வாங்கிவிட்டார்.

கூடு துலக்குவது பற்றி ஒரு சொல். சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் உண்டு. உலர்ந்த உமியில் உருட்டும்போது அது தூசியாகப் பறக்கும். உருட்டும் கருவியை வீட்டுக்குள் வைக்காதீர்கள், மேசையில் எதையும் சாப்பிடாதீர்கள், எழுந்ததும் கை கழுவுங்கள். மருந்தையும் பிரைமரையும் வந்த டப்பாவிலேயே வைத்துப் பூட்டுங்கள். பிரைமர்களைக் கொட்டி ஒரு புட்டியில் நிரப்புவது வினையை வீட்டுக்குள் அழைப்பது.

“காசு மிச்சமா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு தோட்டாவுக்கான செலவு குறைகிறது. ஆனால் மிச்சம் பிடித்தேன் என்று சொல்லும் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. குறைந்த செலவுக்கு அதிகமாகச் சுடுகிறார்கள், அவ்வளவுதான். தன் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவைச் செதுக்கிக்கொள்ளலாம் என்பதே உண்மையான லாபம்.

இந்த வருடம் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவருக்காக எழுந்து நின்று மௌனம் அனுசரித்தாயிற்று. அவர் துணைவியார் அழைத்து, “இந்த அலமாரியில் இருப்பதையெல்லாம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி” என்றார். நானும் பொருளாளரும் போனோம். ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, மருந்தின் பெயர், எடை, பிரைமர், குண்டு, மொத்த நீளம், எத்தனையாவது முறை கெட்டித்த கூடு என்று அவர் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தது. நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று. ஓரத்தில் “இன்று காற்று” என்றும் “மூட்டுவலி, குறி சரியில்லை” என்றும் குறிப்புகள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடிப் புட்டி, பெயர் இல்லாமல். உள்ளே இருந்தது பக்கத்து டப்பாவில் இருந்ததைப் போலவேதான் இருந்தது. பொருளாளர் மூக்கருகே கொண்டுபோய், “அதுதான் இது” என்றார். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் இல்லை. பெயரில்லாத மருந்தை ஊகித்துப் பயன்படுத்துவது கிடையாது. உரிய அலுவலர்களுக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்தோம். நோட்டுகளை அம்மா சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கலாம்; அதிலிருக்கும் அளவுகளை எடுத்துப் போடக்கூடாது. அவை அவர் துப்பாக்கிக்கு அவர் கண்ட அளவுகள்.

அடுத்த ஆண்டு இரண்டாம் குழு தொடங்கும். விதிகளில் திருத்தம் வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம். அலமாரிச் சாவி இருவரிடம் மட்டும் இருக்கும். நான் அந்த இருவரில் ஒருவன் அல்ல, எண்ணெய் விவகாரத்துக்குப் பிறகு செயற்குழு எடுத்த முடிவு அது.

கடைசியாக, மேசையில் இருந்த டார்ச்சை யாரோ எடுத்துப் போயிருக்கிறீர்கள். இன்று மாலைக்குள் திருப்பி வைத்துவிடுங்கள். நாளை வகுப்பு இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்